சுரங்கப்பாதைக்குக் குடிவந்த குரல்

ஆவணி மாதம் இரண்டாவது புதன்கிழமை காலையில், எங்கள் ஊர் மத்தியப் பேருந்து நிலையத்தையும் எதிரே இருக்கும் கடைவீதியையும் சாலைக்கு அடியில் இணைக்கிற சுரங்கப்பாதையைக் கூட்டப் போன துப்புரவுப் பணியாளர் அஞ்சலை, விளக்குமாற்றைப் படியிலேயே போட்டுவிட்டு மேலேறி வந்து, கீழே ஒரு பெண்பிள்ளை அழுகிறது, ஆனால் ஆளைக் காணோம் என்றாள். நாங்கள் நாலைந்து பேர் டீக்கிளாஸைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போய்ப் பார்த்தோம், ஆள் இல்லைதான், ஆனால் குரல் இருந்தது.

கடைவீதிப் பக்கத்துப் படியிலிருந்து இருபதடி உள்ளே, கிழக்குச் சுவரில், நெஞ்சு உயரத்தில் அது இருந்தது. "விடுங்க, விடுங்கன்னு சொல்றேன்ல" என்றது. அடுத்து ஒரு பெயரைச் சொன்னது. பிறகு "யம்மா" என்றது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

அந்தப் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. இந்த ஊரில் அந்தப் பெயரில் நூறு பேராவது இருப்பார்கள் என்று படியேறும்போது வியாபாரிகள் சங்கத் தலைவர் அருணகிரி சொன்னார், ஆமாம், இருப்பார்கள் என்று நாங்களும் சொன்னோம், அப்படிச் சொல்லும்போதே எல்லோருடைய கண்ணும் கடைவீதி முனையில் நிற்கும் ஐந்து மாடி ஜவுளிக்கடை மேல் போய்விட்டுத் திரும்பி வந்தது, ஏனென்றால் அந்தக் கடையின் இளைய முதலாளிக்கும் அதே பெயர்.

நான் அந்தப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளன். நேரக் காப்பாளர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டு, ஒரு மைக், ஒரு ஜன்னல்; முசிறி பேருந்து இரண்டாவது நடைமேடையில் என்பேன், துறையூர் பேருந்து கிளம்பத் தயார் என்பேன், நடுநடுவே விளம்பரமும் பாட்டும் போடுவேன், இருபத்தியொரு வருடமாக என்னை எல்லோரும் 'மைக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், துரைக்கண்ணு என்று ஒரு பெயர் இருப்பது எனக்கே சில சமயம் மறந்துவிடும். முந்தின நாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குச் சுரங்கப்பாதையில் கரண்ட் போனபோது நான் மூட்டுவலித் தைல விளம்பரத்தை முழுச் சத்தத்தில் போட்டிருந்தேன், படி முனையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த லூர்து மேரி கீழே ஏதோ சத்தம் என்று காதைத் தீட்டிவிட்டு, இந்த மனுசனின் ஸ்பீக்கரில்தான் எவளோ வலியில் கத்துகிறாள் என்று நினைத்து மறுபடி பூக்கட்ட ஆரம்பித்திருக்கிறாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

குரல் வந்த முதல் வாரம் ஊர் அதற்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தது. மாநகராட்சி இன்ஜினியர் வந்து குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று சுவரை இரண்டு இடத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு, குழாயே இல்லை என்று பூசிவிட்டுப் போனார். பூசின சிமெண்டு காய்வதற்குள் குரல் அதற்கு வெளியே வந்துவிட்டது. பூசாரி பூசணிக்காய் உடைத்தார். கல்லூரிப் பையன்கள் செல்போனில் பதிவு செய்தார்கள், போட்டுப் பார்த்தால் படியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. அதற்கப்புறம் யாரும் ஆச்சரியப்படவில்லை. இறங்குகிறவர்கள் அந்த இடம் வந்ததும் நடையை எட்டிப் போட்டார்கள், பெண்பிள்ளைகள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்கள், குழந்தையோடு போகிற தாய்மார்கள் குழந்தையின் காதைப் பொத்தினார்கள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் ராக்கு மட்டும் தினமும் காலையில் அந்தச் சுவரைக் கடக்கும்போது, "இந்தா வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டுப் போவாள், சாயங்காலம் திரும்பும்போதும் அதையே சொல்லுவாள்.

ஆனால் ஒரு மாதத்தில் பெண்கள் சுரங்கப்பாதையில் இறங்குவதையே விட்டுவிட்டார்கள். சாலையின் குறுக்கே, பேருந்துகளுக்கு நடுவே, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பேருந்து நிலையத்தில் இறங்கி நேரே கடைவீதிக்கு வருகிற கூட்டம் குறைந்தது, அருணகிரியின் மிட்டாய்க்கடையில் ஈ ஓட்டினார்கள், கீழே குடிகாரர்கள் துண்டு விரித்துப் படுத்தார்கள், அவர்களை மட்டும் அந்தக் குரல் ஒன்றும் செய்யவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பகல் மூன்று மணிக்கு அடைமழை பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மேளக்காரர்கள் சுரங்கப்பாதையில் ஒதுங்கினார்கள், மழை விடுவதாயில்லை, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தவில்காரர் தட்ட, நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை எடுத்தார், அவர்களுக்காக டீ கொண்டுபோன அருணகிரி படியிலேயே நின்றுவிட்டார். குரல் கேட்கவில்லை. தவிலின் சத்தத்துக்குக் கீழே அது எங்கோ இருந்திருக்கலாம், ஆனால் கேட்கவில்லை. மழை விட்டு அவர்கள் கிளம்பிப் படியேறின மறு நிமிடமே "விடுங்க" என்று ஆரம்பித்தது.

அன்றைக்கு எட்டாம் நாள் 'சுரங்கப்பாதை நண்பர்கள் குழு' ஆரம்பமானது. பெண்களின் பாதுகாப்புக்காகப் பொது இடத்தை மக்களே உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் நோக்கம் என்று நோட்டீஸ் அடித்தோம், அதில் பொய் ஒன்றும் இல்லை. காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக் குழு வந்து ஸ்பீக்கர் வைத்து உடற்பயிற்சி செய்யும், ஏழு மணிக்கு மகளிர் சுயஉதவிக் குழுவினர் இட்லி, பணியாரக் கடை போடுவார்கள், பத்து மணிக்குத் தையல் வகுப்பு, பன்னிரண்டுக்குப் பேருந்து ஓட்டுநர்களும் நடத்துநர்களும் கேரம் ஆடுவார்கள், நாலு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வாய்விட்டு வாய்ப்பாடு படிப்பார்கள், ஆறு மணிக்குக் கல்லூரி மாணவர்கள் பறை அடிப்பார்கள், எட்டு மணிக்குப் பஜனை, அது முடிந்ததும் இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிவிட்டுக் காலையில்தான் திறப்பார்கள்; ஒரு கால் மணி நேரம்கூடக் காலியாக விடக்கூடாது என்று மகளிர் குழுத் தலைவி செண்பகவல்லி அட்டவணை எழுதிப் படி முனையில் ஒட்டினாள். இடையில் விழுகிற ஓட்டைகளை அடைப்பது என் பொறுப்பு. என் மைக்கிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கீழே நாலு ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தார்கள்.

விளக்கு, பெயிண்ட், ஸ்பீக்கர், கேரம் போர்டு எல்லாவற்றையும் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஏற்றுக்கொண்டது. இளைய முதலாளியே வந்து ரிப்பன் வெட்டினார். முப்பது வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர், வயதில் பெரியவர்களைக் கண்டால் கைகூப்புவார். அன்றைக்குப் பதினாறு பறை ஒரே நேரத்தில் அடித்தது. அந்தச் சத்தத்தில் அவர் கிழக்குச் சுவரைத் தாண்டிப் போனபோது தலையைக் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார் என்பதை நான் மட்டும் கவனித்தேன் என்று நினைத்தேன். பிறகு பேசிப் பார்த்ததில் எல்லோருமே கவனித்திருந்தார்கள்.

பலன் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகும். நிஜமாகவே கிடைத்தது. பெண்கள் திரும்ப இறங்கினார்கள், கல்லூரி விட்டு வருகிற பிள்ளைகள் கீழேயே நின்று பணியாரம் சாப்பிட்டார்கள், கைக்குழந்தைக்காரிகள் தையல் வகுப்புப் பாயில் உட்கார்ந்து பால் கொடுத்தார்கள், குடிகாரர்கள் தாங்களாகவே இடம் மாறிப் போனார்கள், கார்த்திகைக்குள் எங்கள் சுரங்கப்பாதையைப் போல ஓர் இடம் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகிற நிலைமை ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பூவாயி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மகளின் பெயர் வனரோஜா. இருபத்துநாலு வயது, ஐந்து மாடிக் கடையில் இரண்டாவது மாடியில் சுடிதார் பிரிவில் நாலு வருடம் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள், அங்கே காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை உட்கார அனுமதி கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லிக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, முசிறிப் பேருந்தைப் பிடிக்கச் சுரங்கப்பாதையில் இறங்கியிருக்கிறாள். வீட்டுக்கு எப்படியோ வந்து சேர்ந்தாள். ஆனால் தொண்டையில் சத்தம் இல்லை. இருமினால்கூடச் சத்தம் இல்லை. மூன்று ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று மூன்றிலும் எழுதிக் கொடுத்தார்கள். நடந்ததையும் ஆளின் பெயரையும் வனரோஜா தாளில் எழுதிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தாள், முதல் தாள் காணாமல் போனது, இரண்டாவது தாளில் டீ கொட்டிவிட்டது, மூன்றாவது தாளை வாங்கிப் படித்த புதுப் பெண் உதவி ஆய்வாளர் கதவைச் சாத்திவிட்டு, "பேப்பரை யாரோ எழுத வச்சாங்கன்னு அவங்க வக்கீல் ஒரே நாள்ல ஒடைச்சிருவான்மா. உன் வாயால ஒரு தடவை சொல்லிட்டா நான் விடமாட்டேன். எப்படியாவது வாயைத் திறக்கப் பாரு" என்றாளாம்.

ராக்கு வேலை செய்கிற கட்டடத்துக்கு அடுத்த தெரு பூவாயி வீடு. சுவரில் ஒரு குரல் இருக்கிறது என்று ராக்கு போகிற போக்கில் சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் வந்தது பகல் இரண்டு மணி, கேரம் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்கள் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி, நானும் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன், பாட்டு தீர்ந்து ஸ்பீக்கர் சும்மா இருந்தது. குரல் "யம்மா" என்றபோது பூவாயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எம்புள்ள தொண்டை. சின்னதுல காய்ச்சல் வந்தா இப்படித்தான் கூப்புடுவா" என்றாள்.

வனரோஜா மெல்ல நடந்து கிழக்குச் சுவர் பக்கம் போனாள். அவள் கிட்டே போகப் போகக் குரல் தணிந்தது என்றும், சுவரிலிருந்து ஒரு சாண் விலகி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று மூச்சு வாங்கியது என்றும், அவள் வாயைத் திறந்தாள் என்றும் லூர்து மேரி சொன்னாள். அதற்குள் விட்டுப்போன துணியை எடுக்க வந்த தையல் வகுப்புக்காரி ரேடியோவைப் போட்டுவிட்டாள். குரல் அடிபட்ட பூனைபோலத் திரும்பச் சுவருக்குள் ஓடிவிட்டது.

அன்று சாயங்காலமே பூவாயி குழுவின் முன்னால் வந்து நின்றாள். அருணகிரியின் கடை மாடியில் கூட்டம்; நாங்கள் பன்னிரண்டு பேர். வனரோஜா வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அரை மணி நேரம் சாமி. நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா இருந்தாப் போதும். சத்தம் இல்லைன்னா அது அவகிட்ட வந்துரும்" என்றாள் பூவாயி.

"யாரும்மா வேணாங்கறது? தாராளமா செய்யலாம்" என்றார் அருணகிரி. "இப்ப மார்கழி பொறக்குது. கோலப்போட்டி அறிவிச்சாச்சு. தை வரட்டும், ஒரு நல்ல நாளாப் பார்ப்போம்."

"கோலம் போடச் சத்தம் எதுக்குங்க?" என்று கேட்டாள் லூர்து மேரி. அவள் குழுவில் உறுப்பினர் இல்லை, கதவருகே நின்றிருந்தாள்.

செண்பகவல்லி நல்லவள்தான், அதை நான் சொல்லியாக வேண்டும். அவள் எழுந்து, "தெனம் ஆயிரம் பொம்பளைங்க தைரியமா நடக்கறாங்க. ஒருத்திக்காக நிறுத்தி, அந்த நேரத்துல இன்னொருத்திக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள்.

"அரை மணி நேரம் கேட்டா, என்னமோ சுரங்கத்தையே மூடச் சொன்ன மாதிரி பேசறியே" என்றாள் லூர்து மேரி. "நீ அட்டவணை எழுதினதே இவ கத்துனதாலதானே?"

அரை மணி நேரம் அமைதியாக இருந்தால் அந்தப் பெயர் முப்பது தடவை கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை; எனக்கு வருகிற விளம்பரத்தில் பாதி அந்தக் கடையின் விளம்பரம், என் கூண்டுக்கு வருடா வருடம் அனுமதி வாங்கித் தருவது வியாபாரிகள் சங்கம்.

தை பிறந்தது, பொங்கல் விழா என்றோம். பொங்கல் முடிந்தது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, படிப்பு கெடும் என்றோம். ஒவ்வொரு தடவையும் பூவாயி தலையாட்டிவிட்டுப் போனாள், ஒவ்வொரு தடவையும் வனரோஜா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் படியிறங்கினாள். மாசியில், மக்களே பாதுகாக்கும் சிறந்த பொது இடம் என்று எங்கள் சுரங்கப்பாதைக்கு விருது அறிவித்தார்கள், விருது கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறது என்று கடிதம் வந்தது, அது முடியட்டும், மறுநாளே அரை மணி என்ன அரை நாளே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அருணகிரி கையடித்துக் கொடுத்தார்.

விழா சாயங்காலம் நாலு மணிக்கு. சுரங்கப்பாதைக்குள்ளேயே மேடை, முந்நூறு நாற்காலி, சுவரெல்லாம் புதுச் சித்திரம், கிழக்குச் சுவரில் இறக்கை விரித்துப் பறக்கும் ஒரு பெண்ணை வரைந்திருந்தார்கள். மேடையில் விருதுக் குழுவின் தலைவியாக வந்த சென்னை அம்மா நடுவில், அவருக்கு வலது பக்கம் அருணகிரி, இடது பக்கம் இளைய முதலாளி. பறை முடிந்து, கோலாட்டம் முடிந்து, வரவேற்புரை முடிந்தபோது சென்னை அம்மா மைக்கை வாங்கி, பாதிக்கப்பட்ட பெண்களுக்காக எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். எங்கள் நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. அவர் போகிற ஊரில் எல்லாம் அப்படிச் செய்வாராம்.

அருணகிரிக்கு முகம் வெளுத்தது. அன்றைக்கு நான் கூண்டை விட்டு இறங்கி மேடை ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "பாட்டைத் தயாரா வச்சுக்க" என்றார்.

முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டு அடங்கின. மேலே பேருந்துகள் ஓடுகிற அதிர்வு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு சிக்னல் விழுந்ததோ என்னவோ, அதுவும் நின்றது. நாலு மாதம் கழித்து அந்தச் சுரங்கப்பாதையில் அமைதி வந்தது. பறக்கும் பெண்ணின் வயிற்றுக்குள்ளிருந்து குரல் புறப்பட்டு, எங்கள் காதோரமாக ஒரு மூச்சுக்காற்றைப் போல நகர்ந்து, நாற்காலி வரிசைகளைத் தாண்டி, கடைசி வரிசையில் அம்மாவின் பக்கத்தில் நின்ற வனரோஜாவிடம் போனது. அவள் வாயைத் திறந்தாள்.

"விடுங்க" என்றாள்.

அவள் வாயிலிருந்துதான் வந்தது. அவள் தொண்டை நரம்பு அசைந்ததைப் பார்த்தேன். பூவாயி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இளைய முதலாளி தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகி, திறந்து, திரும்பவும் மூடிக்கொண்டிருந்தார்.

"விடுங்கன்னு சொல்றேன்ல" என்றாள் வனரோஜா. அவள் குரல் எவ்வளவு கனமான, நல்ல குரல் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து வர வேண்டியது பெயர். அருணகிரி என்னைப் பார்த்தார். மௌனம் ஆரம்பித்து ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான் ஆகியிருந்தன. அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, கையாலும் ஒன்றும் காட்டவில்லை, யாராவது கேட்டால் தான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவரால் சத்தியம் செய்ய முடியும். பொத்தானை அழுத்தியது நான். சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்ததும் நான். நாலு ஸ்பீக்கரிலும் பெண்ணின் பெருமையைப் பாடுகிற ஒரு பாட்டு இடிபோல விழுந்தது, சென்னை அம்மா மௌனம் முடிந்ததாக நினைத்துக் கைதட்ட, கூட்டமும் கைதட்டியது.

குரல் சுவருக்குத் திரும்பவில்லை. வனரோஜாவிடமும் தங்கவில்லை. பாதி வந்த வாயை விட்டுவிட்டு, பேருந்து நிலையப் பக்கத்துப் படி வழியாக ஏறிப் போனது; படி முனையில் லூர்து மேரியின் கூடையில் இருந்த மல்லிகை சரிந்தது, அது தன்னைத் தாண்டிச் சாலையில் இறங்கியதைப் பார்த்ததாக அவள் சொல்கிறாள், அந்த நேரத்துக்குப் பச்சை விளக்கு விழுந்து ஏழெட்டுப் பேருந்து ஒரே சமயத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பின, அதற்கப்புறம் அதை யாரும் எங்கேயும் கேட்கவில்லை.

கீழே அவள் வாயைத் திறந்தபடியே நின்றிருந்தாள். பூவாயி ஓடிப்போய்க் கிழக்குச் சுவரை உள்ளங்கையால் அடித்து அடித்து, "வா சாமி, வா சாமி" என்று கூப்பிட்டாள். விருதை வாங்கிக்கொண்டோம்.

மறுநாள், சொன்ன சொல் தவறாமல், அருணகிரி அரை நாள் முழுக்கச் சுரங்கப்பாதையை அமைதியாக விட்டார். அவர்கள் வந்து நின்றார்கள். ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எங்களையே கொஞ்சம் திடுக்கிட வைத்தது. சத்தம் போட வேண்டிய அவசியம் போய்விட்டதால், யாரும் வேண்டுமென்று விடவில்லை, ஆனால் ஒவ்வொன்றாக நின்றது. முதலில் பஜனைக்காரர்கள் வரவில்லை, பிறகு கேரம் போர்டை யாரோ மேலே கொண்டுபோய்விட்டார்கள், பறை அடித்த பிள்ளைகள் படிப்பு முடிந்து போனார்கள், பணியாரக் கடை வெயிலுக்குப் பயந்து கடைவீதி நிழலுக்கு மாறியது, செண்பகவல்லியின் அட்டவணை வெளுத்துக் காகிதம் மட்டும் மிஞ்சியது, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, மாற்றித் தரச் சொல்லி ஜவுளிக்கடைக்குப் போனால் மேனேஜர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். ஆடிக்குள் குடிகாரர்கள் திரும்பி வந்து துண்டை விரித்துவிட்டார்கள். பெண்கள் மறுபடியும் சாலையின் குறுக்கே ஓடுகிறார்கள். கீழே இப்போது நல்ல அமைதி. பூவாயி அரை மணி நேரம் கேட்டாள். இப்போது காலை முதல் மாலை வரை அமைதிதான்.

வனரோஜா வீட்டில் முடங்கவில்லை. உதவி ஆய்வாளரிடம் திரும்பப் போனாள். "ஊரே மாசக்கணக்கா அந்தப் பேரைக் கேட்டிருக்கு. கேட்டவங்க கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். படிச்சவங்க, நிரந்தர விலாசம் உள்ளவங்க ஒருத்தராவது வேணும்" என்று அந்த உதவி ஆய்வாளர் சொல்லியிருக்கிறாள். வனரோஜா ஒரு தாளின் தலைப்பில், சுரங்கப்பாதைச் சுவரில் நீங்கள் கேட்ட பெயர் என்ன என்று எழுதி, கீழே இடம் விட்டு, கடை கடையாக ஏறினாள். ராக்கு கைநாட்டு வைத்தாள், வைத்துவிட்டு, "பேரை நீயே எழுதிக்க தாயி, நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றாள். லூர்து மேரி கைநாட்டு வைத்தாள். அஞ்சலை தான் ஒப்பந்த வேலையில் இருப்பதைச் சொல்லி அழுதாள். செண்பகவல்லி தாளைக் கையில் வாங்கிப் படித்து, மடித்து, யோசித்துச் சொல்கிறேன் என்றாள், இன்னும் யோசிக்கிறாள்.

அருணகிரி, "பாட்டுச் சத்தத்துல என்னம்மா கேட்டுச்சு எனக்கு?" என்றார்.

அவள் பேனாவை எடுத்து, 'அதற்கு முன்னால்?' என்று எழுதிக் காட்டினாள்.

அவர் அரைக் கிலோ லட்டு கட்டச் சொல்லிப் பூவாயி கையில் கொடுத்தார். பூவாயி அதைக் கடைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

பிறகு வனரோஜா என் ஜன்னலுக்கு வந்தாள். முதல் நாள் கூட்டமாக இருக்கிறது, நாளைக்கு வா என்றேன். வந்தாள். இரண்டாம் நாள் பேனாவில் மை இல்லை என்றேன், அவள் தன் பேனாவைக் கம்பிக்கு நடுவே நீட்டினாள், நான் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று அவள் போனபிறகு ரொம்ப நேரம் நான் ஒரு பாட்டும் போடாமல் உட்கார்ந்திருந்தேன், நேரக் காப்பாளர் வந்து மைக் கெட்டுப்போச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று மூன்றாம் நாள். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். அவள் தனியாக வந்திருந்தாள், பொத்தானை அழுத்திய கை எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அன்று கடைசி வரிசையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு கடையில் சாமான் எடுத்துத் தரச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறவள் போல நின்றாள்.

"நான்தான்மா பாட்டைப் போட்டேன்" என்றேன்.

தலையாட்டினாள். தாளை நீட்டினாள்.

வாங்கினேன். என் பெயர் எழுதினேன், தகப்பனார் பெயர் எழுதினேன், கதவு எண், தெரு, இத்தனை வருடமாக இந்தப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன் என்பது, எல்லாம் எழுதினேன். மேற்படி சுரங்கப்பாதைச் சுவரில் ஆவணி மாதம் முதல் நான் என் காதால் கேட்ட பெயர் என்று எழுதினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்தாள், அவள் விரல் நகங்கள் வெளுத்திருந்தன. பேனா முனையைத் தாளில் வைத்தபடி நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு அந்த இடத்தைக் காலியாகவே விட்டுப் பேனாவை வைத்துவிட்டு, மைக்கை இழுத்து, முசிறி செல்லும் பேருந்து இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக இருக்கிறது, பயணிகள் விரைந்து வரவும் என்று அறிவித்தேன். அந்தப் பேருந்து கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.